படகுக்காரன் வாள் தூக்க மாட்டான்

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவர் நம்பவில்லை. வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷத்தில் உயிரோடு இருக்கிறாரா என்று கூட யாரும் கேட்டதில்லை. இப்போது திடீரென்று, "ஐயா, உங்க குரல் வேணும், கார் அனுப்புறோம்" என்றால்?

"கார் அனுப்புறான்னா ஏதோ வில்லங்கம் இருக்கு" என்றார் மனைவியிடம்.

"உங்களக் கடத்திட்டுப் போய் என்ன பண்ணப் போறாங்க? ஒரு வாரம் சோறு போட்டாங்கன்னா அவங்களே கொண்டாந்து விட்டுடுவாங்க."

கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனார்.

இருபத்தாறு வருஷம் அந்தக் கம்பெனியின் வாசலில் காவலுக்கு நின்றவர் அவர். வீடியோ கேம் செய்கிற கம்பெனி. ஆரம்பத்தில் டயர் கடைக்கு மேலே ரெண்டு அறை, நாலு பேர். இப்போது ஆறு மாடி, முழுக்கக் கண்ணாடி. அத்தனை கண்ணாடிக்கும் காரணம் ஒரே ஒரு விளையாட்டு. பெயர் கருங்கோட்டை. பத்தொன்பது வருஷத்தில் ஒன்பது பாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு வீரன் வாளை உருவிக்கொண்டு கோட்டையைப் பிடிக்கப் போவான். கோட்டைக்கு முன்னால் ஒரு ஆறு. ஆற்றில் ஒரு படகு. படகில் ஒருத்தன் துடுப்போடு நிற்பான். வீரன் பக்கத்தில் வந்ததும், "ஏறுங்க, ஈரமாச்சு" என்பான். அவ்வளவுதான். ரெண்டு விநாடி. படகு அக்கரை போய்விடும்.

அந்த ரெண்டு விநாடிக் குரல் இவருடையது. முதல் பாகம் செய்த நாளில் குரல் கொடுக்க ஆள் அகப்படவில்லை. வாசலில் நின்றவரைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். அதையே ஒன்பது பாகத்திலும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். விளையாடுகிற ஜனங்களுக்கு அந்த வரி என்னவோ பிடித்துப்போய்விட்டது. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். லிஃப்ட் கதவு திறந்தால் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் பஸ்ஸில் ரெண்டு கல்லூரிப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தபோது இவர் பக்கத்து சீட்டில்தான் இருந்தார். நான்தான் அது என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூணு ஸ்டாப் தள்ளி இறங்கினார். அன்றைக்கு அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து மனைவி, "கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள்.

ஆபீஸில் இன்னமும் அவருக்குப் பெயர் படகுக்காரர்.

அவரை வரவேற்றவள் கட்டெறும்பு. அவள் வைத்துக்கொண்ட பெயரில்லை, மற்றவர்கள் வைத்தது. உருவம் சின்னது, பிடித்தால் விடமாட்டாள். விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலையில் சேர்ந்து, இப்போது எட்டுப் பேருக்குத் தலைவி. ஒலிப்பதிவு அறையில் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"கருங்கோட்டைக்கு ஒரு கிளை விளையாட்டு பண்றோம் ஐயா. வீரன் கிடையாது. இந்தத் தடவை கதாநாயகன் உங்க படகுக்காரன்."

"கிளைன்னா? மிச்சம் மீதில செஞ்சதா?"

அவள் சிரித்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு கிளை வந்துச்சு. நீங்க கேட்டது ரெண்டுக்கும் பொருந்தும். முதல்ல குதிரைப் பந்தயம். கருங்கோட்டைங்கிற பேரைக் கழட்டிட்டா உள்ள ஒண்ணுமில்ல. அடுத்தது கோட்டைச் சமையல்காரி கதை. நல்லாத்தான் ஆரம்பிச்சோம். பாதியில பயந்துபோய், அவ கையில இருந்த கரண்டியப் புடுங்கிட்டு வாளைக் கொடுத்துட்டாங்க. பெரிய விளையாட்டையே ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஆயிடுச்சு. ஜெராக்ஸை யார் வாங்குவா?"

"சரி. இவனுக்கு என்ன கொடுத்திருக்கீங்க?"

அவள் காகிதக் கட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அதை ஊருக்குச் சொல்வானேன்? அவளே ஒவ்வொரு வரியாகப் படித்தாள், அவர் மைக்கில் திருப்பிச் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாம் பக்கம் வந்தது.

"துடுப்பு போதும். எங்கே என் வாள்?" என்று படித்தாள்.

அவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"பத்தொம்பது வருஷமா தண்ணியில நிக்கிறான். வாள் புடிக்கத் தெரிஞ்சவன்னா அன்னிக்கே புடிச்சிருக்க மாட்டானா? அவன் படகுக்காரன். வர்றவனை அக்கரை சேர்க்கிறவன். யாரைக் கேட்டு அவனைக் கொலைகாரன் ஆக்குறீங்க?"

சவுண்டு இன்ஜினியர் கட்டைவிரலை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

கட்டெறும்பு கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கும் பிடிக்கல ஐயா. வாள் முதலாளி சொன்னது. வாள் இல்லாம விளையாடுறவனைப் பத்து மணி நேரம் எப்படி உட்கார வைப்பேன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. ஆறு வாரம் கொடுத்திருக்கார். அதுக்குள்ள வாள் இல்லாம செஞ்சு காட்டலன்னா வாளோடதான் வெளிய போகும்."

"அப்ப வேற ஏதாவது யோசி."

"யோசிச்சேன். அவன்கிட்ட சொந்தமா இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை. ஈரமாச்சு. ஏன் அப்படிச் சொல்றான்? அதுலதான் இந்த விளையாட்டே இருக்கணும்னு தோணுச்சு. முப்பதாம் பக்கத்துல எழுதியிருக்கேன் பாருங்க. அவனோட குழந்தை அதே ஆத்துல போயிடுது. அதனால அவன் கண்ணு எப்பவும் ஈரம்."

"நல்லாருக்கே! ஒரு பக்கம் கொலைகாரன், இன்னொரு பக்கம் அழுமூஞ்சியா?"

"அப்ப நீங்களே சொல்லுங்க ஐயா. அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

அவர் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழட்டிய விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"சண்டையா?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேக்குறா."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அந்த வார்த்தை எப்படி வந்தது என்பது உலகத்தில் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று அவள்.

நடந்தது இதுதான். அன்றைக்குக் காலையிலிருந்து மழை. டயர் கடை மாடிப்படி வழவழவென்று இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "பாத்து வாங்க, படியெல்லாம் ஈரமாச்சு" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். நடுவில் மேலே கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் எல்லாவற்றையும் எழுதியது முதலாளிதான். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதன் மேல் டீ வேறு கொட்டியிருந்தது. "ஏறுங்க" என்பது தெரிந்தது. அப்புறம் ஒரு பழுப்புக் கறை. கறைக்கு அப்புறம் "ரமாச்சு." எழுதியிருந்தது நேரமாச்சு. அவர் படித்தது ஈரமாச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. டேப் தீர்ந்துபோயிருந்தது. சாயங்காலம் குப்பைக் கூடையைக் கொட்டப் போனவர் அந்தக் காகிதம் காய்ந்து கிடப்பதைப் பார்த்து எழுத்துக் கூட்டினார். அப்போதுதான் தப்பாகப் படித்தது தெரிந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை. அப்புறம் ஜனங்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியதும் சுத்தமாகச் சொல்ல முடியாமல் போயிற்று.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. நான் பத்தொம்பது வருஷமா சிரிக்கிறேன், உங்களுக்கு என்ன தேய்ஞ்சா போச்சு?"

"படிக்கத் தெரியாத பயன்னு சொல்வாங்கடீ."

அவள் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "சொல்லலன்னா உங்க ஆளு கையில வாளைக் கொடுப்பாங்க. எது பெருசு உங்களுக்கு? ஒண்ணு சொல்லுங்க. தப்பாப் படிச்சீங்க, சரி. படிச்சப்ப மனசுல என்ன நெனச்சுச் சொன்னீங்க?"

அவர் யோசித்தார். இதை யாரும் இதுவரை கேட்டதில்லை. "என்ன நெனப்பேன்? படகுல பலகை ஈரமா இருக்கும். ஏறுறவன் வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு நெனச்சேன்."

"இதையே சொல்லுங்க."

மறுநாள் போய்ச் சொன்னார். டீக் கறை, குப்பைக் கூடை, சட்டைப் பையில் இருந்த கண்ணாடி, ஒன்று விடாமல் சொன்னார். கட்டெறும்பு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவர் எழுந்து போகலாம் என்று செருப்பைத் தேடும்போது சட்டென்று நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பலகை ஈரம்."

"ஆமா."

"அவன் சோகத்தைச் சொல்லல. வர்றவங்களுக்கு எச்சரிக்கை சொல்றான். அது அவன் வேலை." அவள் யாரிடமோ பேசுவது போலப் பேசினாள். "அப்ப அவன் பலகையைத் துடைச்சு வைப்பான் இல்ல? தினம் துடைச்சு வைப்பான். ஐயா, ஈரப் பலகையில ஒருத்தரை உட்கார வெச்சா என்ன ஆகும்?"

"மூஞ்சத் தூக்கி வெச்சுப்பான். வாயே திறக்க மாட்டான்."

"காஞ்ச பலகையில?"

"அக்கரை வர்ற வரைக்கும் வாய் மூட மாட்டான். இருபத்தாறு வருஷம் வாசல்ல நின்னிருக்கேன். மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தா, மனுஷன் தன் கதையெல்லாம் கொட்டிடுவான்."

கட்டெறும்பு முப்பதாம் பக்கத்தைக் கிழித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தையும் கிழித்தாள். அப்புறம் எட்டுப் பேரையும் கூப்பிட்டாள்.

ஆறாவது வாரம் முதலாளி பார்க்க வந்தார். டயர் கடை மாடிக்கு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிய மனுஷன். இப்போது தலை நரைத்து, நடையில் ஒரு கனம். அவர் வைத்த விதி ஒன்று உண்டு. கிளை விளையாட்டை, பெரிய விளையாட்டே தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டால் அந்தக் கிளை பட்டுப்போனது. அன்றைக்கு அந்த ஒருவராகக் கட்டெறும்பு அழைத்து வந்திருந்தது படகுக்காரரின் மனைவியை. அவளுக்கு கருங்கோட்டை என்றால் வீட்டுக்காரரின் ரெண்டு விநாடிக் குரல், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"வாங்க அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்று முதலாளி, கூட வந்திருந்த படகுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, "எங்க, வாளைக் காட்டுங்க" என்றார்.

"வாள் இல்ல சார்" என்றாள் கட்டெறும்பு.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபம் வந்தால் கடிகாரம் பார்ப்பது அவர் வழக்கம். படகுக்காரரின் மனைவி பக்கம் திரும்பி, இளையவர்களுக்குப் பாடம் எடுக்கிற குரலில், "அந்த ஒரு வரியை நான் மூணு வாரம் யோசிச்சு எழுதினேன்மா. ஈரம்னா மனசோட ஈரம். எத்தனை பேட்டியில சொல்லியிருக்கேன். அப்பேர்ப்பட்ட ஆளை வெறும் படகு ஓட்ட விட்டா எப்படி?" என்றார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். கட்டெறும்பு தரையைப் பார்த்தாள். டீக் கறைக் கதையை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

படகுக்காரருக்கு ஒரு கணம் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பெரிய மனுஷன், ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், கெடுப்பானேன்? ஆனால் கெடப்போவது யார் என்று பார்த்தால், திரையில் துடுப்போடு நிற்கிறவன்.

"தம்பி, நீ எழுதினது நேரமாச்சு."

"என்ன அண்ணே?"

"ஏறுங்க, நேரமாச்சு. காகிதத்துல டீ கொட்டியிருந்துது. எனக்குப் படிப்பு வராது. ஈரமாச்சுன்னு படிச்சுட்டேன்."

"சும்மா இருங்க அண்ணே. நான் எழுதினது எனக்குத் தெரியாதா? டீ எப்படிக் கொட்டும்? அந்த மேஜை..." முதலாளி நிறுத்தினார். அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் அட்டையை மடித்து வைத்ததும் இதே படகுக்காரர்தான். முதலாளியின் காது நுனி வரைக்கும் சிவந்தது. "மூணு வாரம் யோசிச்சேனே..." என்றார், கொஞ்சம் பரிதாபமாக.

"யோசிச்சிருப்பே. சட்டையில அச்சடிச்சு வந்ததுக்கு அப்புறம்."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்றாள் மனைவி, விளையாட்டுக் கருவியைக் கையில் எடுத்தபடி. "கரையில ஆளு நிக்குது. நான் ஏத்திட்டுப் போறேன்."

திரையில் விடியற்காலை. தூறல். முதலில் வந்தது ஒரு ஆட்டுக்காரன். அவள் அவசரத்தில் துடைக்காமல் ஏற்றிவிட்டாள். அவன் பலகையில் உட்கார்ந்து, எழுந்து, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அக்கரை வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தான். "ரொம்பத்தான்" என்றாள் அவள். அடுத்து வந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. இந்தத் தடவை துணியை எடுத்துத் துடைத்தாள். துணி நனைந்துபோயிற்று. பிழிந்துவிட்டு மறுபடி துடைக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். காய்ந்த பலகையில் உட்கார்ந்த கர்ப்பிணி நடு ஆற்றில் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள், கோட்டையில் வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை என்று. நீரோட்டம் படகை ஒரு பக்கமாக இழுத்தது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பை வலித்தாள். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அறையில் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஏழாவதாக வந்தான் வீரன். ஒன்பது பாகத்துக் கதாநாயகன். உருவிய வாள், முழங்கால் வரைக்கும் சேறு. விறுவிறுவென்று வந்து படகில் ஏறி, முகப்பில் காலை ஊன்றி, மார்பை நிமிர்த்தி நின்றான். படகு ஆடியது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிழவி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு இவன், சேத்துக் காலோட? இப்பத்தான் துடைச்சேன்!" என்றாள் மனைவி.

"அவன்தான்மா வீரன்" என்றார் முதலாளி, தன் பிள்ளையைப் பற்றி யாரோ குறை சொன்னது போல.

"யாரா இருந்தா என்ன? அவன் உட்காராம நான் துடுப்பைத் தொட மாட்டேன்."

அவள் தொடவில்லை. வீரன் நின்றான். மழை பெய்தது. நேரம் போயிற்று. அப்போது திரையிலிருந்து படகுக்காரரின் குரல் வந்தது. போன வாரம் பதிவு செய்த புது வரி. சத்தம் போடாத, கெஞ்சாத, வாசலில் நிற்கிறவன் குரல்.

"வாளை உள்ள போடு. உக்காரு."

ஒன்பது பாகத்தில் ராஜாக்களுக்கே தலை குனியாத வீரன், வாளை உறையில் போட்டான். கிழவிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். ரெண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். வீரன் நடு ஆற்றில், தனக்குப் பயமாக இருக்கிறது என்று கிழவியிடம் சொன்னான். பத்தொன்பது வருஷத்தில் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இடம் இருந்ததில்லை. பெரிய விளையாட்டில் அவன் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தான்.

"இவன் இப்படிப் பேசுவான்னு எனக்கே தெரியாது" என்றார் முதலாளி.

"இந்தப் படகுல உட்கார்ந்தாத்தான் சார் தெரியும்" என்றாள் கட்டெறும்பு.

"வாள் வேண்டாம். வீரனோட வாளை எடுத்துடாதீங்க, அவன் உறையிலேயே இருக்கட்டும். படகுக்காரன் கைக்கு வர வேண்டாம்." முதலாளி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "அக்கரை வரட்டும், பார்த்துட்டே போறேன்."

கட்டெறும்பு வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேரின் கூச்சல் கேட்டது. நாற்காலி ஒன்று விழுந்தது.

கிளம்பும்போது முதலாளி கதவு வரைக்கும் வந்தார். "அண்ணே, அந்த வரிக்கு யார் பேரைப் போடறது? இனிமே என் பேரைப் போட்டா எனக்கே சிரிப்பு வரும்."

"எழுத்து உன்னுது, படிப்பு என்னுது. ரெண்டையும் போடு. டீயை யாரு கொட்டினது?"

"நான்தான்."

"அப்ப உன் பேரு முன்னால வரட்டும்."

கீழே வாசலில் இப்போது புதுக் காவலர். முறுக்கு மீசை, மடிப்புக் கலையாத உடுப்பு. இவரை அவருக்குத் தெரியாது. வருகையாளர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, நில்லுங்க. யாரைப் பாக்க வந்தீங்களோ அவங்க கையெழுத்து இதுல இல்லையே?"

வேறு நாளாக இருந்தால் படகுக்காரர் மேலே போய் வாங்கிவந்திருப்பார். விதி விதிதான், அவரே எத்தனை பேரை மேலே திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் யாரையும் பாக்க வரல. வேலைக்கு வந்தேன்."

"என்ன வேலை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "மேல ஒருத்தர், இவர் சொல்லி வாளை உறையில போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். போய்ப் பாருங்க."

காவலர் மீசையைத் தடவிக்கொண்டு லிஃப்டையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுது, மெல்ல நடங்க" என்றாள் மனைவி. அவர் மெல்ல நடக்கவில்லை.